எய்சாகு வீட்டுக் கூரை

நீகாதா மலைப்பக்கத்தில் ஆள் குறைந்துகொண்டே வந்த இரிமதா கிராமத்தைத் தூக்கி நிறுத்தவென்று நகராட்சி சம்பளம் கொடுத்து வரவழைத்த ஆள் ஹனவா ஷிநோபு. நாற்பதைத் தாண்டியவள். கவாசாகியில் ஒரு பேருந்துக் கம்பெனியின் சுற்றுலாப் பிரிவில் உட்கார்ந்து, தான் ஒருநாளும் போகாத வெந்நீர் ஊற்றுகளுக்கு ஊரையெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தவள். கணவன் விட்டுப் போனதும் கம்பெனி கைமாறியதும் ஒரே வசந்தத்தில் நடந்தன. அப்போது கண்ணில் பட்டதுதான் இந்த வேலைக்கான விளம்பரம். மூன்று ஆண்டு வேலை, வாடகையில்லாத வீடு, பனி கொஞ்சம் அதிகம் என்று போட்டிருந்தது. அந்தக் 'கொஞ்சம்' எழுதியவனைத் தேடிப் பிடித்து உதைக்கவேண்டும் என்று முதல் குளிர்காலத்திலேயே அவளுக்குத் தோன்றியது.

ஆனால் ஓடிப்போகவில்லை. மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்தில் காய்கறிச் சந்தை நடத்தினாள். பிப்ரவரியில் தெரு நெடுகப் பனி விளக்கு வைத்தாள். நீகாதா நகரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பனி அள்ளுவதற்குத் தன்னார்வலர்களைக் கூட்டி வந்தாள். ஊரார் எல்லாவற்றுக்கும் தலைகுனிந்து நன்றி சொன்னார்கள். முள்ளங்கியும் உலர்ந்த பேரிக்காயும் அவள் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அவள் ஒன்று செய்தால் அடுத்த நாளே அதற்கு ஈடாக ஏதாவது வந்துவிடும். யாரும் அவளிடம் எதையும் கேட்டதுமில்லை, கோபப்பட்டதுமில்லை. ஊரில் பாதிப் பேருக்கு ஒரே குடும்பப் பெயர் என்பதால் தங்களுக்குள் சொந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவள் மட்டும் மூன்றாவது குளிர்காலத்திலும், குடும்பப் பெயரோடு மரியாதைச் 'சான்' ஒட்டிய 'ஹனவாசான்'தான்.

இந்த ஊர்க்காரர்களின் மரியாதை இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதனைக் கொன்றே விடலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை அது கிட்டத்தட்ட நடந்துவிட்டது.

காலையில் ஊர் ஒலிபெருக்கி அறிவித்தது: மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து சூடான காற்று வரும், மாலையில் மழை பெய்யும், கூரைப் பனியை இறக்காதவர்கள் உடனே இறக்கிவிடுங்கள். கூரைமேல் ஆள் உயரத்துக்குக் கிடக்கும் பனியில் மழை பெய்தால் அது நீரைக் குடித்துக் குடித்துக் கனக்கும். எந்த உத்தரமானாலும் ஒரு கட்டத்தில் போதும் என்று சொல்லிவிடும்.

ஊரில் எல்லாக் கூரைகளும் இறக்கியாகிவிட்டன, தனியாக இருக்கும் கிழவர் எய்சாகுவின் கூரையைத் தவிர.

ஷிநோபு தெருவில் நின்று அதைப் பார்த்தாள். பனி கூரை விளிம்பைத் தாண்டி வெளியே நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. முன்வாசல் கதவு சட்டத்துக்குள் கோணியிருந்தது. எதிர்வீட்டு கியோயே தன் வாசல் பனியைத் தள்ளிக்கொண்டே, அந்தக் கூரைப் பக்கம் மட்டும் கண்ணைத் திருப்பாமல் வேலை செய்தாள். அறுபதைக் கடந்தவள், வாய்க்குப் பேர் போனவள். அவளே வாயை மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்து ஷிநோபு தெருவைக் கடந்து அவளிடம் போனாள்.

"கியோயே அக்கா, எய்சாகுசான் வீட்டுக் கதவு திறக்குதா?"

"திறக்காது. பத்து நாளா ஜன்னல் வழியாத்தான் போக வர. நேத்து கேட்டேன், 'ஜன்னல்தான் காத்தோட்டமா இருக்கு'ன்னாரு. இந்தக் குளிர்ல காத்தோட்டமாம்!"

"அப்போ ஏன் யாரும் ஏறலை?"

கியோயே தள்ளுவதை நிறுத்தினாள். "அவரு கேக்கலையே" என்றாள், அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்பதுபோல.

இரிமதாவில் கூரைப் பனிக்கு மாற்றாள் கணக்கு. உன் கூரைக்கு என் வீட்டிலிருந்து ஓர் ஆள் ஏறினால், என் கூரைக்கு உன் வீட்டிலிருந்து ஓர் ஆள் ஏறவேண்டும். காசு கொடுத்து அதைத் தீர்க்க முடியாது, முள்ளங்கி கொடுத்தும் முடியாது. எய்சாகு நகராட்சியின் பனி ஒதுக்கும் இயந்திரத்தை ஓட்டியவர். ஊர் கண் விழிக்குமுன் ஊர்ச்சாலையைத் திறந்துவைப்பது முப்பது குளிர்காலம் அவர் வேலை. ஓய்வு பெற்றார், மனைவி போய்ச் சேர்ந்தாள், மகள் செந்தாய் நகரத்தில் குடும்பமாக இருக்கிறாள். பிறகு கியோயேவின் கூரையிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தது. அந்தக் குளிர்காலத்தோடு அவரே மாற்றாள் கணக்கிலிருந்து விலகிக்கொண்டார். அனுப்ப ஆளில்லாதவன் வாங்கக் கூடாது என்பது அவர் கட்சி. ஊருக்கு அவர்மேல் உயிர். உயிர் இருந்ததால்தான், அவர் கேட்காததை வலியப் போய்ச் செய்து அவரை அவமானப்படுத்த யாருக்கும் மனம் வரவில்லை.

ஷிநோபு ஜன்னல் வழியாகத்தான் உள்ளே போனாள். எய்சாகு, போர்வை போர்த்தி அடியில் சூடேற்றிய கணப்பு மேசைக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் தேநீர் ஊற்றினார், ஊறுகாய்த் தட்டை நகர்த்தினார். தொலைக்காட்சியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள்.

"ஹனவாசான், உங்க நகரத்துப் பிள்ளைங்க வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க. எட்டுப் பேர். ஊர் மண்டபத்துல சும்மா உக்காந்திருக்காங்க, வேலையில்லாம." இதை அவள் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். "நீங்க பார்த்து ஒரு கூரை கொடுத்தா அவங்களுக்கும் பழக்கமாகும். எனக்குப் பண்ற உபகாரமா நினைச்சுக்கோங்க."

"நல்ல பிள்ளைங்க. மண்டபத்துக் கூரையில ஏறச் சொல்லுங்க."

"அது போன வாரமே இறக்கியாச்சே."

"அப்போ தேநீர் குடிக்கச் சொல்லுங்க."

அப்போது தலைக்கு மேல் ஒரு சத்தம் கேட்டது. மரம் முறியும் சத்தமில்லை, முறியலாமா என்று யோசிக்கும் சத்தம். கூரை மூலையிலிருந்து பொடியாகத் தூசி இறங்கி ஊறுகாய்த் தட்டில் விழுந்தது. எய்சாகு கையை நீட்டித் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார். ஷிநோபு தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தாள். ஆனாலும், ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை, அவளும் கேட்காதது போலத் தேநீரை உறிஞ்சினாள். இந்த ஊர் அவளுக்கும் அவ்வளவு தூரம் தொற்றியிருந்தது.

"எய்சாகுசான்," என்றாள் கடைசியில், "சாயங்காலம் மழை வருது."

"வரட்டும்."

"இன்னிக்கு ராத்திரி மட்டுமாவது மண்டபத்துக்கு வந்துடுங்க."

"எதுக்கு?"

"இந்த வீடு..."

"இந்த வீட்டுக்கு என்ன?" அவர் அவளை நேராகப் பார்த்தார். சிரித்த முகம்தான், ஆனால் கதவு அடைத்த முகம். "எங்கப்பா கட்டினது. எனக்கு அனுப்ப ஆளில்லம்மா. ஆளில்லாதவன் வாங்கிக்கிட்டே இருந்தா அதுக்குப் பேரு பிச்சை. ஊறுகாய் எடுத்துக்கோங்க."

தூசி விழுந்த துண்டைத் தவிர்த்து அவள் ஒன்றை எடுத்துத் தின்றாள். மறுபடி ஜன்னல் ஏறிக் குதித்தபோது காற்று திசை மாறியிருந்தது. முகத்தில் குளிர் அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஊர்த் தலைவர் ஹிரோயாவின் வீட்டுக்கு ஓடினாள். தக்காளிக் கொட்டகை வைத்திருக்கும் மனிதர், ஐம்பத்தைந்து இருக்கும், எதையும் இரண்டு முறை யோசித்துச் சொல்பவர்.

"கேட்டீங்களா அவருகிட்ட?" என்றார் அவர்.

"கேட்டேன். முடியாதுன்னுட்டாரு. நீங்க சொன்னா கேப்பாரு."

"நான் சொன்னா அது கட்டளையாயிடும், ஹனவாசான். நாளைக்கு அவரு கடைத்தெருவுல தலைகாட்ட மாட்டாரு. எங்க பள்ளிக்கூட பஸ்ஸுக்கு வழி திறந்துவிட்ட மனுஷன் அவரு. நான் எப்படி..."

"மனுஷன் செத்தா தலைகாட்டுவாரா?" அவளுடைய குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. மூன்று ஆண்டில் இந்த ஊரில் அவள் சத்தம் போட்டதே இல்லை. "உள்ள உத்தரம் கத்துது. நான் கேட்டேன். அவரு டிவி சத்தத்தைக் கூட்டுறாரு. நீங்க எல்லாரும் டிவி சத்தத்தைத்தான் கூட்டிக்கிட்டிருக்கீங்க!"

ஹிரோயாவின் முகம் சிவந்தது. அவர் பின்னால், வாசல் நடையில், ஷிநோபுவின் கண்ணில் பட்டது இது: சுருட்டி வைத்த கயிறு, தலைக்கவசம், மண்வாரி, பனி அள்ளும் அகலத் தகரச் சட்டி. எல்லாம் எடுத்துக்கொண்டு ஓடத் தோதாக வரிசையாகச் சாத்தியிருந்தது. அவருடைய கூரை நேற்றே இறக்கியாகிவிட்டது.

திரும்பி வரும் வழியில் மற்ற வீட்டு வாசல்களையும் பார்த்தாள். எல்லா இடத்திலும் கயிறும் சட்டியும். கியோயேகூடத் தன் மருமகனின் ரப்பர் பூட்ஸை வெளியே எடுத்து வைத்திருந்தாள். ஊரே எய்சாகுவின் ஒரு சொல்லுக்குக் காத்திருந்தது. எய்சாகு அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மழையோ இரண்டு பேருக்காகவும் காத்திருக்கப் போவதில்லை. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையும் சேர்ந்தே வந்தது.

மண்டபத்துக்குப் போய்த் தன்னார்வலர்களைக் கூப்பிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். வீட்டுக்காரர் சம்மதமில்லாமல் அந்நியர்களைக் கூரையில் ஏற்றினால் கிழவர் ஜன்னல் வழியாக வந்து அவர்கள் காலைப் பிடித்து இழுப்பார். அதோடு இந்த ஊருக்கு எந்த உதவியும் மறுபடி வராது. ஏறுவதானால் அவள் ஒருத்திதான் ஏறவேண்டும். அதில் ஒரு கணக்கு இருந்தது. இந்த ஊரில் யாரும் தனியாகக் கூரையில் ஏறக் கூடாது. தனியாக ஓர் ஆளைக் கண்டால், கண்டவர் ஏறியே ஆகவேண்டும், அது யார் கூரையானாலும். எய்சாகுவுக்காக ஏற மாட்டார்கள். அவளுக்காக ஏறுவார்கள். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பாதி கெட்டிக்காரத்தனம்தான். இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளும் பொறுமை அப்போது அவளுக்கு இல்லை.

வீட்டின் பின்புறம் பனி கிட்டத்தட்டக் கூரை விளிம்புவரை ஏறிக் கிடந்தது. சின்ன ஏணி போதுமானதாக இருந்தது. அங்கே சாத்தியிருந்த பனிச் சட்டியோடு மேலே போய் முதல் சட்டிப் பனியை வெட்டித் தள்ளினாள். அது கீழே விழுந்த சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

"ஐயோ! ஹனவாசான்! கயிறு எங்க?" கியோயே அலறிவிட்டு மருமகனைக் கூப்பிட உள்ளே ஓடினாள்.

இரண்டாவது சட்டி. மூன்றாவது. பனி நினைத்ததைவிடக் கனமாக இருந்தது, ஈரம் ஏற்கனவே ஏறத் தொடங்கியிருந்தது. கீழே ஜன்னல் படாரென்று திறக்கும் சத்தம் கேட்டது. எய்சாகுவின் தலை வெளியே வந்தது, பிறகு உடம்பும் வந்தது.

"யாரு சொன்னா ஏறச் சொல்லி! இறங்கு!"

"முடியாது!"

"அது என் கூரை!"

"உங்க கூரைதான்! அதுக்கென்ன இப்போ!"

"மடச்சி! ஓரத்துல நிக்காத! வெயில்பக்கத்துப் பனி கழண்டு கிடக்கு, மேட்டுக்கு ஏறு, மேட்டுக்..."

அவர் முடிக்குமுன் அவள் காலடியில் மெத்தையை யாரோ உருவினாற்போல இருந்தது. ஒரு பக்கத்துக் கூரைப் பனி முழுவதும் தகரத்தை விட்டுக் கழன்று நகர்ந்தது. சத்தம் பிறகுதான் கேட்டது. வானம் ஒரு முறை சுழன்று போனது. பிறகு இருட்டு.

பனிக்குள் கையை அசைக்க முடியவில்லை. மார்பின்மேல் யாரோ உட்கார்ந்திருப்பதுபோலப் பாரம். வாயருகே ஒரு கைப்பிடி அளவு காற்று இருந்தது. கத்தினாள், கத்தியது தன் காதிலேயே மழுங்கி நின்றது. ஆனால் வெளியே நடப்பது அவளுக்குக் கேட்டது. பனியின் குணம் அது, மேலே பேசுவது கீழே வரும், கீழே கத்துவது மேலே போகாது.

யாரோ வெறும் கையால் பிறாண்டினார்கள். மூச்சிரைப்பு. ஒரு கால் இழுபடும் சத்தம், இடுப்பு சரியில்லாதவரின் கால். பிறாண்டல் நின்றது. தோண்டிப் பார்த்து, ஒரு கிழவனால் ஆகாது என்று தெரிந்துகொண்ட அந்த ஒரு கணத்தை ஷிநோபு உள்ளேயிருந்து கேட்டாள். இங்கே செத்துப்போகப் போகிறேன், முன்பின் யோசிக்காத முட்டாள்தனத்தால் செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்தாள். அம்மாவை நினைத்தாள்.

"யாராவது வாங்களேன்!"

எய்சாகுவின் குரல்தான். ஆனால் அந்தக் குரலை ஊரில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

"ஹிரோயா! கியோயே! உதவி பண்ணுங்கடா! என்னால ஆகலை! எல்லாரும் வாங்க, உதவி பண்ணுங்க, கும்பிட்டுக் கேக்கிறேன்!"

அவர் சொல்லி முடிக்கவில்லை, பனியில் பல கால்கள் ஓடிவரும் அதிர்வு கேட்டது. கயிறும் மண்வாரியும் தயாராக வைத்துக்கொண்டு காலையிலிருந்து காத்திருந்தவர்களுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? "இங்க, இங்கதான் விழுந்தா, மண்வாரியால குத்தாதீங்க, கையால, கையால!" என்று எய்சாகு இயந்திரம் ஓட்டிய காலத்து அதிகாரத்தோடு கத்தினார். முதலில் ஒரு விரல் அவள் தொப்பியைத் தொட்டது. பிறகு வெளிச்சம் வந்தது. கியோயே அவள் கன்னத்தைப் பளாரென்று அறைந்து, அவள் கண் திறந்ததும் கட்டிக்கொண்டு அழுதாள்.

விலா எலும்பு இரண்டில் விரிசல். அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவளைக் கியோயே வீட்டுக் கணப்பருகில் படுக்க வைத்து, மருத்துவரை வரச் சொன்னார்கள். ஜன்னல் வழியாக எய்சாகுவின் கூரை தெரிந்தது.

அதன்மேல் ஹிரோயா நின்றார். கியோயேவின் மருமகன், இன்னும் ஊர்க்காரர்கள், மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த எட்டுப் பேர், எல்லோரும் இடுப்பில் கயிற்றோடு நின்றார்கள். யாரும் எய்சாகுவிடம் சம்மதம் கேட்கவில்லை. உதவி என்று அவர் வாயால் சொல்லிவிட்டார். எதற்கு என்று பிரித்துப் பார்க்க இந்த முறை ஊர் மறுத்துவிட்டது. எய்சாகு கீழே நின்று ஒரு கயிற்றின் நுனியைத் தூணில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வேலை முடிந்து ஏணி இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. ராத்திரி முழுவதும் பெய்தது. வீடு நின்றது.

சில நாள் கழித்து, விலாவைச் சுற்றிக் கட்டோடு, ஷிநோபு ஒரு பெட்டி இனிப்பை எடுத்துக்கொண்டு ஹிரோயா வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனாள். வாசல் நடையில் அவளுக்கு முன்பே ஒருவர் மண்டியிட்டிருந்தார். உடைந்த இடுப்போடு, நெற்றி தரையைத் தொட, எய்சாகு. அவர் பக்கத்திலும் ஒரு பெட்டி இனிப்பு.

"எழுந்திரிங்க அண்ணே, தயவு செஞ்சு" என்று ஹிரோயா தவித்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு பேரு ஏறினீங்க. எப்படித் திருப்பிக் கொடுப்பேன்? எங்கிட்ட யாரு இருக்கா? இந்தக் கடனோட நான் சாகணுமா?"

"தப்பு என்னோடது" என்றாள் ஷிநோபு. "தனியா ஏறினது நான்."

ஹிரோயா அவளைப் பார்த்தார். எய்சாகுவைப் பார்த்தார். வழக்கப்படி இரண்டு முறை யோசித்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கிறேன். நாங்க வர்றதுக்கு முன்னாடியே உங்க கூரைமேல ஓர் ஆள் நின்னு வேலை செஞ்சுக்கிட்டிருந்துச்சு. அது யார் வீட்டு ஆள்?"

எய்சாகு நிமிர்ந்தார். நகராட்சி ஆள் என்று அவர் சொல்லிவிடுவார் என்று ஷிநோபு நினைத்தாள். மூன்று ஆண்டும் அவள் அதுதானே. மூச்சு விடவும் பயந்து நின்றாள், விலா வலியால் மட்டுமல்ல.

"எங்க வீட்டு ஆள்" என்றார் எய்சாகு.

"கேட்டுக்கிட்டீங்களா?" ஹிரோயா உள்பக்கம் திரும்பி, அடுக்களையில் இருந்த மனைவிக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். முகத்தில் மரியாதை துளிகூட இல்லை. "ஷிநோபு! விலா ஆறினதும் முதல்ல எங்க கூரை. அப்புறம் கியோயே வீடு. அப்புறம் வரிசையா எல்லாரு வீடும். எய்சாகு அண்ணன் வீட்டுக் கணக்குல நீதான் ஏறணும். சாக்குப்போக்கு சொன்னே, வீடு தேடி வந்து இழுத்துட்டுப் போவேன். கயிறு கட்டாம வந்தே, உதைதான்!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் விலா குத்தியது, குத்திய வலியில் கண்ணீரும் வந்தது. இந்த ஊர் அவளுக்கு நன்றி சொல்லியிருக்கிறது, முள்ளங்கி கொடுத்திருக்கிறது, வேலை சொன்னதே இல்லை. வசந்தத்தில் வேலைக்காலம் முடிகிறதே, கவாசாகிக்குத் திரும்புவதா என்று குளிர்காலம் முழுவதும் குழம்பியவள், எத்தனை கூரை என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு எங்கும் போக முடியாது என்று சந்தோஷமாகத் தெரிந்துகொண்டாள்.

இருவரும் சேர்ந்தே திரும்பினார்கள். எய்சாகு தடியை ஊன்றி ஊன்றி, வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். கியோயே வீட்டுக்கும் மற்ற வீடுகளுக்கும் இன்னும் இனிப்பு வாங்கவேண்டும், இது இத்தோடு தீராது, எல்லாம் அவளால் வந்த வினை. பாதி வழியில் நின்று அவள் காலைப் பார்த்தார்.

"இந்த பூட்ஸா போட்டுக்கிட்டு ஏறின? அடிப்பக்கம் தேஞ்சு மொழுமொழுன்னு கிடக்கு. நாளைக்கே கடைக்கு வா, நல்லதா ஒண்ணு எடுப்போம். நீ இதைப் போட்டுக்கிட்டு ஊரார் கூரையில ஏறி நின்னா பேச்சு எனக்குத்தான் வரும்."